எழுபத்து நான்கு

மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் பல் கதிரை
ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது.
மழை நாளில் ஜன்னலில் ஒன்றும் இல்லை.
பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள்,
ஊசி வரும் பக்கம் பாராமல்.

எழுபத்து நான்கு என்றால்
கீழே, இடது பக்கம், முதல் பால் கடைவாய்ப் பல்.
கதுஷனுக்கு அதில் ஒரு மிளகு நுழையும் அளவு பள்ளம்.
மூன்று இரவாய்த் தூக்கமில்லை என்றாள் புவிராணி.
இன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை.
இரண்டு பஸ், ஈரக் குடை,
மடியில் பிள்ளையின் கிளினிக் கொப்பி.

"விழப்போற பல்லுதானே டொக்டர்,
புடுங்கிட்டா என்ன?"

இன்னும் இரண்டு வருடம் அது
பின்னால் வருகிறவனுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும் என்றேன்.
பஸ்ஸில் துண்டு போடுவது போலவா, என்றாள்.
அதுபோலத்தான்.

மேசையில் இரண்டு மருந்து.
ஒன்று கபிலநிறக் குப்பி. மூடி திறந்தால்
முதலாம் வருடத்தில் நாங்கள் உடல் அறுத்துப் படித்த அறை
மெல்ல எழுந்து வரும்.
என் ஆசிரியர்களின் ஆசிரியர்களும் பாவித்தது.
மலிவு. நரம்பின் முனையைப் பதப்படுத்தி
அசையாமல் நிறுத்தி வைக்கும்.
மற்றது ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்,
ஒரு சொட்டுத் தண்ணீரில் ஈரமணல் ஆகும்.
வீடு கட்டும் சீமெந்துக்குத் தூரத்துச் சொந்தம்.
ஈரத்திலேயே இறுகும்.
கீழே இருப்பதை உயிரோடு விட்டு
மேலே கூரை போடும்.
ஒரு கிராமுக்கு எத்தனை நாள் கொழுந்து என்று
ஒருமுறை கணக்குப் பார்த்தேன்.
அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

சொல்லும்போதே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று
உங்களுக்குத் தெரிகிறது.
அதனால்தான் உறைகள்.
அறுபத்திரண்டு பிள்ளைகள், அறுபத்திரண்டு ஒட்டிய உறைகள்.
எதில் எது என்று எனக்கும் தெரியாது.

ஊசி போட்டேன். குடைந்தேன்.
மேல் நரம்பை வழித்து எடுத்ததும் ரத்தம்,
பருத்தி உருண்டையை வைத்து அழுத்தி
சுவர் மணிக்கூட்டில் ஐந்து நிமிடம்.
அவன் கை என் சட்டை விளிம்பைப் பிடித்திருந்தது.
நின்றுவிட்டது ரத்தம். நல்ல நிறம்.
அப்போதுதான் தாதி சந்திரமதி உறையைக் கிழித்தாள்.

"எந்த மருந்துங்க புள்ளைக்கு வச்சீங்க?"
கடைசி எக்ஸ்ரே எடுத்து முடியும்வரை
சொல்லக் கூடாது என்றேன்.
விதி என்று ஏதோ விளக்கினேன்.
அவள் தலையாட்டினாள்,
சம்பளத் துண்டில் எதைக் கழித்தார்கள் என்று கேட்டு
இதே மாதிரிப் பதில் வாங்கிப் பழகியவள் போல.
கிராம்பு வாசத்துடன் வெள்ளிநிறத் தொப்பி மாட்டிய பல்லை
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான் கதுஷன்.

ஆறு மாதத்தில் ஐம்பத்தொரு பேர் வந்தார்கள்.
ஒரு வருடத்தில் முப்பத்தெட்டு.
வராதவர்களுக்கு அட்டவணையில் ஒரே ஒரு கட்டம்,
'தொடர்பு இல்லை'.
மண்சரிவுக்குப் பயந்து பாடசாலை மண்டபத்துக்குப் போன லயம்,
தாய் குவைத்துக்குப் போனதும்
வத்தளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்ட இரட்டையர்,
பஸ் காசு,
எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.
வந்தவர்களின் படங்களை வெளிச்சத்தில் பிடித்து
வேர் பிரியும் கவட்டில் கருநிழல் தேடினேன்.
குப்பிப் பக்கம் நான்கு. தூள் பக்கம் ஒன்று.
இவ்வளவு சிறிய எண்களை வைத்துக்கொண்டு
சத்தமாகப் பேசக் கூடாது.

இருபத்து நான்காம் மாதம் கதுஷன் வந்தான்.
உயர்ந்திருந்தான். வாயைத் திறந்தான்.
எழுபத்து நான்கு இருந்த இடத்தில் ஒரு இடைவெளி,
அதன் நடுவே அரிசி முனை அளவு வெள்ளை.

"பல்லு எங்கே?"
"கூரை மேல எறிஞ்சாச்சு."
தொப்பியோட போய் விழுந்ததுல
தகரம் அப்படிச் சத்தம் போட்டுச்சாம்,
பக்கத்துக் காம்பிரா ஆட்களும் வெளியே வந்து பார்த்தார்களாம்.

எக்ஸ்ரே எடுக்க ஒன்றும் இல்லை.
என் ஆய்வில் ஒரு துண்டு
மேல்டிவிசன் ஆறாம் லயத்துத் தகரத்தில்
மழையில் கிடக்கிறது.
'வலி: இல்லை. தானாக விழுந்தது' என்று எழுதினேன்.

புவிராணி போகவில்லை. கதவருகே நின்றாள்.
இப்பவாவது சொல்லுவீங்களா, என்றாள்.

பெட்டியைத் திறந்து
கதுஷனின் உறையைத் தேடத் தொடங்கினேன்.